துணிக்கடியில் கை அறிந்தது

மையத்துக் குளிப்பாட்டப் போகும்போது ஸல்ஹா வாயை வீட்டில் வைத்துவிட்டுப் போவாள் என்று கிண்ணியாவில் பெண்கள் சொல்வார்கள். பாராட்டாகத்தான் சொல்வார்கள். இறந்தவளைக் குளிப்பாட்டுகிறவள் அங்கே கண்டதை வெளியில் கதைக்கக் கூடாது. நல்லதைச் சொல்லலாம். முகம் தெளிவாக இருந்தது, தூங்குகிற மாதிரி இருந்தது என்று சொன்னால் வீட்டாருக்கு ஆறுதல். கூடாத எதையும் கண்டால் அது அந்த மையத்தோடு கபுறுக்குழிக்குப் போக வேண்டியதுதான்.

இந்த வேலைக்கு ஸல்ஹாவை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டால் தொண்டை அடைத்துப் போகும் பிள்ளை அவள். அதனாலேயே ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டாள். கலியாண வீட்டுக்குப் போனால் குசினிக்குள் போய் வெங்காயம் உரிப்பாள். பேச்சுக் குறைந்தவள், பார்வை கூடியவள். ஒருநாள் அயல் வீட்டு மையத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் கூப்பிட்டார்கள். போனாள். மறுபடியும் கூப்பிட்டார்கள். அப்படியே தலை நரைத்துவிட்டது.

அவளோடு எப்போதும் கூட்டாளி சனூஸா வருவாள். ஒருத்தி தண்ணீர் ஊற்ற, மற்றவள் கழுவ வேண்டும். சனூஸா ஊற்றுவாள். மையத்து வீட்டுப் படலையைத் தாண்டும் வரைக்கும் அவள் வாய் ஓயாது. சேலைகளால் மறைத்த இடத்துக்குள் நுழைந்ததும் அடங்கிவிடும்.

குளிப்பாட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. தொப்புளிலிருந்து முழங்கால் வரை மூடிய துணியைக் கடைசி வரை விலக்க மாட்டார்கள். இடது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கையை மட்டும் உள்ளே விட்டுக் கழுவ வேண்டும். கண் அந்தப் பக்கம் போகக் கூடாது. அந்த நேரத்தில் ஸல்ஹா எதிரே இருக்கும் சுவரைப் பார்ப்பாள். துணிக்கடியில் கை தன் பாட்டுக்குப் போய்வரும்.

அவளுடைய ராத்தா ஹுஸ்னியா மௌத்தானது மாரி மழைக் காலத்தில். கால்கள் இரண்டும் வீங்கி, காய்ச்சல் வந்து, அப்படியே போய்விட்டாள். மூலம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். கடைசி மாதங்களில் மகள் அசனாவைக்கூட உடுப்பு மாற்ற விடவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு தானே மாற்றுவாள். ஆஸ்பத்திரி என்றால், "என்னத்தக் காட்டச் சொல்றாய்?" என்று சீறுவாள்.

கழுவும் உரிமை முதலில் மகளுக்கு; அசனா ஏலாது என்று அழ, அது சகோதரியான ஸல்ஹாவுக்கு வந்தது. சனூஸா ஊற்றினாள். ஓட்டில் மழை. வாளியில் இலந்தை இலை மிதந்தது. ஸல்ஹா இடது கையில் துணியைச் சுற்றி உள்ளே விட்டாள்.

முதலில் தோல் தட்டுப்பட்டது. சதைபோல மெதுவாக இல்லை. காய்ந்த கடதாசி மாதிரி, மடிப்புகள் எல்லாம் ஒட்டிச் சப்பையாகி இருந்தது. பிறகு கவட்டில் தோலுக்குக் கீழே, கல் கல்லாய் உருண்டைகள். பிறகு இடது பக்கம், கடினமான ஒரு மேடு; நடுவில் குழி விழுந்து, விளிம்பு தடித்து.

அவள் பயந்தது அதைத் தொட்டதால் அல்ல. எத்தனையோ உடம்புகளை அந்தக் கை தொட்டிருக்கிறது. கை அந்த இடத்தில் வந்து நின்றுகொண்டதால் பயந்தாள். தெரிந்த வீட்டு வாசலுக்கு வந்தது போல அது நின்றது. இதே கடதாசித் தோல், இதே இடது பக்கம், இதே கடினம் அவளிடமும் இருந்தது. அவளுடையது இன்னும் பயறளவுதான். மற்றபடி வித்தியாசம் இல்லை. சுவரைப் பார்த்தபடி, அவள் ராத்தாவுடைய உடம்பில் தன்னைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன ஸல்ஹா, கை நிண்டுட்டு?" என்று சனூஸா மெல்லக் கேட்டாள்.

"ஒண்டுமில்ல. ஊத்து."

வெளியே வந்ததும் அசனா ஓடி வந்து கையைப் பிடித்தாள். "சாச்சி, உம்மா எப்பிடி இரிந்தா?"

"முகம் நல்லா இரிந்த, மகள்," என்றாள் ஸல்ஹா. அது உண்மை. அவ்வளவோடு நிறுத்திக்கொண்டாள்.

மையத்து வீட்டு ஆட்கள் கலைந்த பிறகு அந்தக் கை அவளை விடவில்லை. வீட்டில் அவளுக்கு நெத்தலிக் கருவாடு துப்புரவாக்கும் வேலை. ஓலைப்பாயில் பரப்பி, மணலும் சிப்பித் துண்டும் பொறுக்க வேண்டும். கண் தேவையில்லை, மெதுவான மீன்களுக்கு நடுவே கடினமானது விரலுக்குத் தானாகத் தெரியும். பட்டப்பகலில் பாயின் முன் இருக்கும்போது விரல் ஒரு சிப்பித் துண்டில் பட்டால் போதும், அவளுக்கு முதுகு சில்லிடும். மழைச் சத்தம் கேட்கும். வெளியே வெயில் எரித்துக்கொண்டிருக்கும்.

ராத்தாவை மண்ணுக்குள் வைத்தாயிற்று, அவளுடைய கட்டியை யாரும் வைக்கவில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அது இங்கே இருந்து வளர்கிறது. குளிப்பாட்டிய தண்ணீர் தன் காலில் தெறித்தது ஞாபகம் வரும். ஆனால் தன்னுடையது அதற்கு முன்பே இருந்ததே! அப்படியென்றால் யாரிடமிருந்து யாருக்குப் போனது? தான் தொட்டுத்தான் ராத்தாவுக்குப் போயிற்றா? குளிப்பாட்டிய வேறு மையத்துகள் வழியாக வந்ததா? இரவில் போர்வைக்கு வெளியே கையை வைத்துக்கொண்டு படுத்தாள்.

அந்த இடத்தில் கடி, ஓயாத அரிப்பு, அவளுக்குப் பல வருடமாக இருந்தது. அவளைக் கட்டிய மாப்பிள்ளை றுவைஸ் கட்டாரில் வேலை செய்து, கடைசியாக வந்து நின்ற காலத்தில் தொடங்கியது. அவர்தான் எங்கேயோ போய்க் கொண்டுவந்து தந்துவிட்டார் என்று அவள் மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். கேட்கவில்லை. கேட்கிற வாய் அவளுக்கு இல்லை. அவர் மாரடைப்பில் போன பிறகு, இறந்தவரைக் குறை சொல்வதாகும் என்று அந்த நினைப்பையும் மூடிவைத்தாள். உப்புத் தண்ணீர் ஊற்றினாள், வேப்பிலை அவித்துக் கழுவினாள். கடி வந்தால் குளிர்ந்த தண்ணீரைக் கோப்பை கோப்பையாக ஊற்றிக்கொண்டு குளியலறைக்குள் நிற்பாள்.

சனூஸாதான் கண்டுபிடித்தாள். "நீ நடக்கிற நடையப் பாத்தா முள்ளு மிதிச்ச ஆடு மாதிரி இரிக்கி. கதிரையில இரிந்தாலும் ஒரு பக்கந்தான் இரிக்கிறாய். என்னட்டயும் மறைக்கிறியா? ஒண்ட மையத்த நான்தான் கழுவணும் எண்டு எழுதி இரிந்தா, அப்ப எப்பிடியும் தெரிஞ்சிரும்!"

பகிடியாகத்தான் சொன்னாள். ஸல்ஹாவுக்கு ஒரு கணம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது: சேலை மறைப்பு, வாளி, துணி சுற்றிய சனூஸாவுடைய கை. "டவுனுக்குப் போவமா?" என்றாள்.

கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில், டவுனெல்லாம் திரியும் மான்களில் ஒன்று பொலித்தீன் பையை மென்றுகொண்டு நின்று, வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. "பாரு, இதுக்கும் நம்பர் எடுத்து வெச்சிரிக்கி போல," என்றாள் சனூஸா. ஸல்ஹாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

டொக்டர் ஜெயரூபி இளம் பெண். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கதைப்பவர். திரைக்குப் பின்னால் ஸல்ஹா படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். விறைக்க ஊசி போட்டு, ஒரு துளி சதை எடுத்துப் போத்தலில் போட்டார்கள். கொழும்புக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார்கள். அது போய்த் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தன்னுடைய ஒரு துளி தன்னை விட்டுத் தனியாகக் கொழும்பு போய், யாரோ அதை மெழுகில் புதைத்து, மெல்லிய தகடாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள் என்பதை அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாயில் மீன் பொறுக்கும்போது சீவுகிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும்.

முடிவு வந்த அன்று சனூஸா வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள். உள்ளே ஸல்ஹா தனியே.

"அம்மா, இது கேன்சர்தான்," என்றார் டொக்டர் ஜெயரூபி. "ஆனா சின்னன். வந்தது நல்லது. எந்த வகை எண்டு சொல்லுறன், கேளுங்கோ. இந்த இடத்தில வாறது ஒரு வழியால மட்டும் இல்ல. ஒண்டு வைரஸ் வழி. எச்.பி.வி. எண்டு ஒரு கிருமி, ஆம்பிள பொம்பிள சேரேக்க தொத்துறது. மற்றது வைரஸ் இல்லாத வழி. தோல் வெள்ளையா மெலிஞ்சு, வருஷக்கணக்காக் கடிச்சு, கடைசில அந்தத் தோலுக்குள்ள இருக்கிற மரபணு பழுதாகி வாறது."

"எனக்கு எது?"

"உங்களுக்கு வைரஸ் இல்ல."

ஸல்ஹாவுக்கு மூச்சு இறங்கியது. "அப்ப அவர் கொண்டு வரல்ல?"

"ஆர்?"

"என்ட மாப்பிள்ள. அவர் ஒண்டும் தரல்லத்தானே, டொக்டர்?" அவள் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இத்தனை வருடம் ஒரு மனிதனை மனதுக்குள் வைத்துக் கேவலப்படுத்தியிருக்கிறேனே! "அல்லாவே, நல்ல வகை வந்திரிக்கி எனக்கு."

டொக்டர் சிரிக்கவில்லை. அதைக் கவனித்ததும் ஸல்ஹாவுடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மா, வைரசால வந்திருந்தால் கொஞ்சம் லேசு. மருந்துக்கு நல்லாக் கேக்கும். வைரசும் இல்லாமல், நான் சொன்ன அந்த மரபணுவும் பழுதாகாமல் வாற ஒரு வகையும் இருக்கு, அது நடுத்தரம். உங்கட வகைதான் கரைச்சலானது." அவர் தன்னுடைய போனை எடுத்துத் திருப்பிக் காட்டினார். கொழும்பிலிருந்து அனுப்பிய படம். "எங்கட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் பி ஐம்பத்து மூண்டு எண்டு ஒரு காவல் இருக்கு. செல் பிழையாப் பெருகினால் நிப்பாட்டுறது அதுதான். அந்தக் காவலுக்குச் சாயம் ஏத்தினால் பழுப்பாத் தெரியும். சில பேருக்கு மரபணு பழுதானால் எல்லா இடமும் கறுத்த பழுப்பா இருக்கும், வேல செய்யாத காவல் நிரம்பிக் கிடக்கிறது. உங்களுக்கு மற்ற மாதிரி. பாருங்கோ."

படம் முழுக்க நீலம். ஓரங்களில், நல்ல தோல் இருந்த இடத்தில், அங்கங்கே பழுப்புப் பொட்டுகள். நடுவில் ஒரு திட்டு. அதற்குள் ஒரு பொட்டும் இல்லை. சுற்றவர விளக்கு எரிய, ஒரு ஊருக்கு மட்டும் கரண்ட் போனது போலக் கிடந்தது.

"இதுக்குள்ள ஆக்கள் இல்லயா?" என்று கேட்டாள் ஸல்ஹா.

டொக்டர் விரலால் அந்தத் திட்டைத் தொட்டுக் காட்டினார். "செல் இருக்கு, அம்மா. நல்லாப் பெருகுது. காவல்தான் இல்ல."

ஸல்ஹா அந்த வெறும் நீலத்தை மறுபடியும் பார்த்தாள். பெருகுகிறது, தடுக்க ஒருவரும் இல்லை. அங்கே சத்தம் இருக்குமா என்று யோசித்தாள்.

கொழும்பில் வெட்ட வேண்டும், சுற்றியுள்ள வெள்ளைத் தோலையும் சேர்த்து. கவட்டில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகும் விடாமல் கிளினிக்குக்கு வர வேண்டும், இந்த வகை திரும்பி வரப் பார்க்கும். டொக்டர் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டினாள்.

"மையத்துக் குளிப்பாட்டுறனான். அதால வந்திச்சா?"

"இல்லயம்மா. இறந்தவையிட்ட இருந்து இது தொத்தாது. உங்களிட்ட இருந்தும் ஒருத்தருக்கும் போகாது." பிறகு பேனையை எடுத்துக்கொண்டு கேட்டார்: "உங்கட அம்மா, சகோதரிமார், ஆருக்காவது இப்பிடி வெள்ளைத் தோல், கடி, கட்டி இருந்ததோ?"

அபாயாவுக்குள் இடது கை சுருண்டது. ராத்தா கதவைப் பூட்டிக்கொண்டு மறைத்தது. மகளுக்கும் காட்டாதது. துணிக்கடியில் நம்பிக் கொடுத்தது.

"இல்ல," என்றாள்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஏன் கேக்கிறன் எண்டால், காவல் போனது நீங்கள் பிறக்கேக்க வந்த பழுது இல்ல, பிறகு அந்த இடத்தில நடந்தது. ஆனா அந்த வெள்ளைத் தோல் வருத்தம் சில குடும்பங்களில கனபேருக்கு வாறது. நேரத்தோட பிடிச்சால் பூசுற மருந்தோட அடக்கி வைக்கலாம், கேன்சருக்குப் போறது குறையும். பொம்பிளப் பிள்ளையள் இருக்கினமோ?"

"எனக்குப் பிள்ளையள் இல்ல." அதுவும் உண்மைதான்.

பாலத்தில் திரும்பி வரும்போது, சனூஸா எல்லாவற்றையும் கேட்டு அழுது முடித்து, "மற்றது என்ன கேட்டா?" என்றாள். "ஒண்டும் கேக்கல்ல," என்று ஸல்ஹா தண்ணீரைப் பார்த்தாள்.

கொழும்புக்குப் போகும் நாள் வரை உதவிக்கு என்று அசனா வந்து நின்றாள். பெண்களுக்குரிய சின்ன ஒப்பரேசன் என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தது. பாலர் பள்ளியில் படிப்பிக்கிறவள். லீவு போட்டுவிட்டு, தன் இரண்டு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். உம்மாவைப் போலவே நீண்ட முகம், உம்மாவைப் போலவே சட்டென்று கோபம்.

வந்த மறுநாள் மத்தியானம். வெயில் முற்றத்தில் வெள்ளையாக விழுந்து கிடந்தது. ஸல்ஹா மீன் பாயின் முன் இருந்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஒரு கோப்பை. நிறுத்தம். இன்னொரு கோப்பை. நிறுத்தம்.

குளிக்கிற சத்தம் அப்படி இராது. குளிக்கிறவள் தொடர்ந்து ஊற்றுவாள். இந்த நிறுத்தத்தை ஸல்ஹா அறிவாள். ஊற்றுகிறவள் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துணிக்கடியில் கை போய்வரக் காத்திருக்கும் நேரம் அது. இந்த வீட்டில், இந்த வெயிலில், மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ ஒரு மையத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருப்பது அசனா ஒருத்திதான்.

ஸல்ஹாவுடைய விரல்கள் மீனுக்குள் அப்படியே நின்றன. மறுபடி ஒரு கோப்பை. மறுபடி நிறுத்தம். தானும் அப்படித்தானே அந்த அறைக்குள் நின்றிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. ராத்தாவும் அப்படித்தான் நின்றிருப்பாள்.

கதவு திறந்து அசனா வந்தாள். கதிரையின் விளிம்பில், ஒரு பக்கமாக இருந்தாள். அந்த இருப்பில், ஒரு கணம், இருந்தது அசனா அல்ல. ஹுஸ்னியா ராத்தா ஈர முகத்தோடு இருந்து இவளையே பார்த்தாள். ஸல்ஹா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

ராத்தா மூடியதைத் திறக்க அவளுக்கு உரிமை இல்லை. திறக்காவிட்டால் அந்த விளக்கில்லாத ஊர் இந்தப் பிள்ளைக்குள்ளும் வந்து இருந்துவிடும். பிறகு பாயை ஓரமாகத் தள்ளினாள். ராத்தாவுடையதைத் தொடாமல் திறக்கக்கூடியது ஒன்று இருந்தது. அதற்குச் சொந்தக்காரி அவள்தான்.

"மகள், எனக்குச் சின்ன ஒப்பரேசன் இல்ல. கேன்சர். கீழ. ஒண்ணுக்குப் போற இடத்துக்குப் பக்கத்தில."

வாழ்நாளில் அந்த இடத்தை வாயால் சொன்னது அதுதான் முதல். அசனா எழும்பப் பார்த்தாள்.

"இரி. பல வருஷமாக் கடிச்சிச்சு. தோல் வெள்ளையாப் போய், கடதாசி மாதிரி வந்திச்சு. மடிப்பெல்லாம் ஒட்டிப் போய்ட்டு. கடிச்சா நான் தண்ணிய ஊத்தி ஊத்தி நிப்பன். ஒருத்தருக்கும் சொல்லல்ல. மறுகா கட்டி வந்திச்சு."

"இத எனக்கு ஏன் சொல்றீங்க, சாச்சி?"

"நீ தண்ணி ஊத்தினது கேட்டிச்சு."

அசனாவுடைய முகம் சிவந்தது. "இந்த வீட்டில மனிசர் கழுவுறதுக்கும் ஏலாதா? காத வெச்சிக்கிட்டு இரிக்கிறீங்களா?"

"ஓம்," என்றாள் ஸல்ஹா. "எனக்கு அந்தக் காதுதான் இரிக்கி."

அசனா எழும்பிக் குசினிக்குப் போனாள். சட்டி மூடி ஒன்று விழுந்தது. பிறகு சத்தம் இல்லை. திரும்பி வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"உம்மாக்கும் இதானா?"

ஸல்ஹா தள்ளிய பாயை மறுபடி முன்னால் இழுத்தாள்.

"நீங்கதானே குளிப்பாட்டின. உம்மாக்கு மூலம் இரிந்திச்சா, இல்லயா?"

"மையத்தப் பத்தி என்னட்டக் கேளாத மகள். என்னப் பத்திக் கேளு."

"மூலம் எண்டா மூலம் எண்டு சொல்லலாமே. சொல்றதுக்கு என்ன?" அசனாவுடைய குரல் உடைந்தது. "முகம் நல்லா இரிந்த எண்டு மட்டும் சொன்னீங்க. அண்டைக்கே நினைச்சன், முகத்தோட ஏன் நிப்பாட்டினீங்க எண்டு."

ஸல்ஹா எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டாவது புள்ளை கிடைச்சதுக்குப் பிறகு தொடங்கின," என்றாள் அசனா, நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "நான் அவர்தான் எங்கயோ போய்ட்டு வந்தார் எண்டு நினைச்சன்."

"நானும் அப்பிடித்தான் நினைச்ச," என்றாள் ஸல்ஹா.

கொழும்புக்குப் போகுமுன் வந்த கிளினிக் நாளில் இரண்டு பேரும் டொக்டர் ஜெயரூபிக்கு முன்னால் இருந்தார்கள். திரைக்குப் பின்னால் அசனாவைப் பார்த்துவிட்டு வந்து டொக்டர் கையைக் கழுவினார். வெள்ளைத் தோல் தொடங்கியிருந்தது. கட்டி இல்லை. ஒரு இடத்தில் சந்தேகம், அதில் மட்டும் ஒரு துளி எடுத்து அனுப்ப வேண்டும். மிச்சத்துக்குப் பூச்சு மருந்து, ஒழுங்காகப் பூச வேண்டும், கடி நின்றாலும் நிறுத்தக் கூடாது. பிறகு பேனையை எடுத்தார்.

"குடும்பத்தில ஆருக்கும் இருக்கோ?"

"சாச்சிக்கு," என்றாள் அசனா. கொஞ்சம் நிறுத்தி, "என்ட உம்மாக்கும்," என்றாள்.

டொக்டர் எழுதவில்லை. கண்ணாடிக்கு மேலாக ஸல்ஹாவைப் பார்த்தார். போனமுறை அவள் இல்லை என்று சொன்னது அந்தப் பார்வையில் இருந்தது. அசனாவும் திரும்பிப் பார்த்தாள். ஸல்ஹாவுக்கு இந்தமுறையும் இல்லை என்று சொல்ல முடியும். அது பழகிய சொல். இடது உள்ளங்கையில் மழைக் காலத்து ஈரம் திடீரென்று ஊறியது. துணி சுற்றியிருப்பது போல விரல்கள் தடித்தன. வேறொரு கை உள்ளேயிருந்து அதைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. கெஞ்சுகிறதா, விடச் சொல்கிறதா என்று தெரியவில்லை.

அவள் வாயைத் திறக்கவில்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை.

டொக்டர் குனிந்து எழுதினார். பேனை நகர்ந்த நேரம் முழுக்க ஸல்ஹா கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அது உலரவில்லை. அசனா தன் கையை எடுத்து அதன் மேல் வைத்தாள். சில்லிட்டது போல ஒருமுறை திடுக்கிட்டாள். ஆனாலும் எடுக்கவில்லை.